கடை திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“நாங்க சரக்கைப் பாத்துக்கிட்டு நின்னு வாங்குனா நோக்குகூலி. நீ தேசத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்து வாங்குனா சம்பளமா?”

எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா கேட்டது இது. அப்பா ‘சாலை’ என்ற பெரிய கடைத்தெருவில் சுமைதூக்கும் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன்பே வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர். நோக்குகூலி என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் சரக்கை நீங்களே இறக்கிக்கொண்டாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்காகக் கேட்கப்படும் காசு அது. அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது. சொல்லைத் தடை செய்ய முடியவில்லை. யாரையாவது சீண்ட வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் எடுத்து வீசுவார்கள். அப்பா வாழ்நாளில் ஒருமுறைகூட நோக்குகூலி வாங்கியதில்லை என்பார். அவருடைய கூட்டாளிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். யார்தான் வாங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் சேர்ந்தது ஓர் ஆய்வு நிறுவனம். எந்த நாட்டில் மனிதர்கள் தொழில் செய்ய, வாங்க, விற்க, சேர்த்துவைக்க எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று அளந்து, நாடுகளை வரிசைப்படுத்துவது எங்கள் வேலை.

“தேசங்களுக்குப் பரீட்சை வெச்சு மார்க் போடுறோம்ப்பா” என்றேன்.

“பரீட்சை யாரு எழுதுவா?”

“யாரும் எழுத மாட்டாங்க. நாங்களே எழுதி நாங்களே திருத்துவோம்.”

“அப்ப நோக்குகூலிதான்” என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. வயது முப்பத்தொன்று, உடம்புக்கு ஒன்றுமில்லை. நிறுவனத்தின் கணினியில், ஒருவர் வேலையை விட்டுப் போனால் காரணம் குறிக்க இரண்டே கட்டங்கள் உண்டு. ஒன்று ஓய்வு, மற்றொன்று மரணம். தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக உலக நாடுகளுக்கு மார்க் போடும் நிறுவனம் அது. இரண்டில் எனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

அதனால் ஓய்வுபெற்றோர் வரிசையில் என் பெயரும் ஏறிவிட்டது. இப்போது என் நாற்காலியில் இருக்கும் அஞ்சனா, ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு என்னைத் தேடி வந்தாள்.

“சேச்சி, பண்டு நீங்க எல்லாம் ஆளுங்ககிட்ட நேரிட்டுப் போய் கேப்பீங்களாமே? சத்தியமா?”

“ஆமா. ஒரே ஒரு வருஷம், வெயில்ல நின்னு கேட்டோம்.”

“கஷ்டம் தன்னே. இப்போ சிஸ்டமே நெட்ல இருந்து எல்லாத்தையும் எடுத்துக்கும், மார்க்கும் போட்டுரும். நாங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தா மதி.” மதி என்றால் போதும்.

பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அப்பா துண்டுக்குள் சிரித்தார். இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். மலரில் வருமா என்று தெரியாது. அங்கே எதை அச்சிடவும் மூன்று கையெழுத்து வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். முடிக்காமல் வெளியே வந்தவர்கள் நிறையப் பேர். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். பொருளாதார முதுகலையில் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாவதாக வந்தேன். முதல் இரண்டு பேரின் பெயர் எனக்கு நினைவில்லை. பெயர் பேச்சியம்மாள். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி கல்லூரியில் தோழிகள் யோசனை சொன்னார்கள். பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதது அவர்களுடைய குறை, என்னுடையது அல்ல என்று விட்டுவிட்டேன்.

எங்கள் டைரக்டர் கோஷி சார் அந்தக் குறையைத் தன் வழியில் சரிசெய்தார். முதல் நாளே என்னை “பீச்சி” என்று அழைத்தார். அது திருச்சூர்ப் பக்கம் ஒரு அணையின் பெயர். வேலையை விடும்வரை அவருக்கு நான் அந்த அணைதான்.

கோஷி சார் கெட்டவர் அல்ல. சுதந்திரத்தை மனதார நம்பியவர். எல்லாவற்றையும் சுருக்க வேண்டும், அரசாங்கத்தையும் வாக்கியத்தையும், என்பது அவர் கொள்கை. நீளமான எதைப் பார்த்தாலும் அவர் கை பேனாவைத் தேடும். நாம் போய் ஒன்று கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, “நோக்காம்” என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். முடியாது என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நோக்காம் என்று அவர் சொன்னது எதுவும் நடந்ததும் இல்லை.

எல்லைகளைத் திறந்துவிடச் சொல்லி நாடுகளுக்கு அறிவுரை எழுதும் அலுவலகத்தில், ஜன்னலைத் திறக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஸ்டேப்ளர் பின் தீர்ந்தால் கேட்பவர், பரிந்துரைப்பவர், அனுமதிப்பவர் என்று மூன்று கையெழுத்து. ஒரு நாட்டில் தொழில் தொடங்க அதிகம் பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மார்க்கைக் குறைத்து எழுதிய தாள்களை நான் பல வாரம் குண்டூசியில் குத்தி வைத்திருந்தேன்.

வேலை எப்படி நடக்கும் என்று அஞ்சனா போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு கையேடு வரும். அரசாங்கம் எவ்வளவு பெரிது, சட்டம் ஒழுங்காக நடக்கிறதா, பணத்தின் மதிப்பு நிலையாக நிற்கிறதா, வெளிநாட்டோடு வியாபாரம் செய்ய முடிகிறதா, தொழில் தொடங்க எத்தனை தடை என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க். பிற நாடுகளின் விவரங்கள் எல்லாம் வெளியிலிருந்தே வந்துவிடும். நாங்கள் அவற்றைக் கட்டங்களில் அடைத்து, சராசரி எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவோம். பார்த்தே இராத ஒரு நாட்டை மூன்று படி கீழே இறக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவது ஒரு தனி அனுபவம். முதல் மாதம் திரும்பி வந்து ஒருமுறை சரிபார்ப்போம். அப்புறம் பழகிவிடும்.

ஒரு வருடம் கோஷி சாருக்கு ஒரு யோசனை வந்தது.

“பீச்சி, சிங்கப்பூர் எந்தா? ஒரு சிட்டி. திருவனந்தபுரம் எந்தா?”

“சிட்டி சார்.”

“அப்போ நம்முடைய சிட்டியையும் ஒரு நாடு மாதிரி லிஸ்ட்ல வெச்சா எந்தா குழப்பம்?”

குழப்பம் நிறைய இருந்தது. ஆனால் கையேடு அனுப்பும் வெளிநாட்டு ஆட்களுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. நம் ஊருக்கு ஆயத்த விவரம் இல்லாததால் நேரில் போய்க் கேட்க முடிவாயிற்று. சாலையில் பாதி வியாபாரிகள் தமிழர்கள். எனவே கேள்விகளைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. தொழில் பற்றிய கேள்வியை நான் இப்படி எழுதியிருந்தேன்: “ஒருவர் புதிதாக ஒரு கடையைத் தொடங்க நினைத்தால், விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து எல்லா உரிமங்களும் கைக்குக் கிடைத்து வியாபாரம் ஆரம்பிக்கும்வரை எவ்வளவு காலம் ஆகும்?”

கோஷி சார் பேனாவை எடுத்தார். “இது கேள்வியா, டிரெயினா? வியாபாரியோட டைம் விலை உள்ளதாணு. ஒரு கேள்விக்கு ஆறு வார்த்தை மதி.”

அவர் வெட்டி முடித்தபோது மிஞ்சியது இவ்வளவுதான்: “கடை திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“சார், இதைக் கேட்டா வேற மாதிரி புரிஞ்சுக்குவாங்க.”

“நோக்காம்” என்றார்.

கேள்வி அப்படியே போயிற்று. கையேட்டில் ஒரு விதி உண்டு. கேட்பவர் கேள்வியை எழுதியபடியே வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தைகூட விளக்கக் கூடாது, வந்த பதிலை அப்படியே பதிய வேண்டும். சாலைக்குப் போனவர்கள் இரண்டு எம்.பி.ஏ. மாணவர்கள். விதியை அப்படியே காப்பாற்றினார்கள். என்னை அந்த வாரம் பயிற்சிக்கு டெல்லி அனுப்பியிருந்தார்கள்.

திரும்பி வந்து கணினியைத் திறந்தால் அது கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தொழில் தொடங்கும் தலைப்பில் திருவனந்தபுரத்துக்குப் பத்து. மற்ற நாடுகளுக்கெல்லாம் பூஜ்யம்.

காரணம் மார்க் போடும் முறை. எங்கே மிகக் குறைந்த காலமோ அதற்குப் பத்து. அதைவிட இரண்டு மடங்கு ஆகும் நாட்டுக்கு ஐந்து, பத்து மடங்கு என்றால் ஒன்று. மற்ற நாடுகளின் கணக்கு நாட்களிலும் வாரங்களிலும் இருந்தது. நம் ஊர்க் கணக்கு நிமிடங்களில் வந்திருந்தது. உலகம் மொத்தமும் ஒரு நொடியில் அடிமைப்பட்டுப்போயிருந்தது.

கோஷி சார் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “பீச்சி” என்றார், “நம்மள் எத்திப்போயி.” வந்து சேர்ந்துவிட்டோம் என்கிறார்.

அன்று மாலை நேராகச் சாலைக்குப் போனேன். அரிசி மொத்த வியாபாரி அருணாசலம் அண்ணாச்சிக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“அண்ணாச்சி, போன வாரம் ரெண்டு பேரு வந்து கடை திறக்க எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாங்களா?”

“ஆமா, டை கட்டுன பையனுவ. ரெண்டு நிமிசம்னேன். எளுதிக்கிட்டானுவ.”

“ரெண்டு நிமிஷமா?”

“பின்ன? ஷட்டருக்கு எண்ணெய் விட்டிருந்தா ரெண்டு நிமிசம். மழைக்காலம்னா இறுகிக்கிடும். அப்ப உங்கப்பன் வந்து தோள் குடுத்தாத்தான் தூக்க முடியும். அதையும் சொன்னேன். அது வேண்டாம்னுட்டானுவ.”

“லைசன்ஸ் வாங்குறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“அவன் அதைக் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, சாயங்காலம் வரைக்கும்லா சொல்லியிருப்பேன்.” அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, தப்பாச் சொல்லிட்டனோ?”

“இல்ல அண்ணாச்சி. ரொம்பச் சரியாச் சொல்லியிருக்கீங்க.”

மறுநாள் கோஷி சாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஷட்டர் என்பது உன்னோட இன்டர்பிரெட்டேஷன்” என்றார். “வியாபாரி ரெண்டு நிமிடம் என்று சொன்னார். அவர் சொன்னதைத் திருத்த நாம் யாரு? அவருக்கு அபிப்ராய சுதந்திரம் உண்டு.”

“கேள்வி தப்பு சார்.”

“கேள்வி சின்னது. சின்னது தப்பாகாது.”

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். கண்ணாடியைத் தொடவே இல்லை. “பீச்சி, ரிப்போர்ட் அட்டையில என் பெயருக்குக் கீழே உன் பெயர். பி. அம்மாள் என்றுதான் வெச்சிருந்தேன். வேண்டாம். பேச்சியம்மாள். முழுசாப் போடலாம்.”

நோக்காம் என்று சொல்லவில்லை. போடலாம் என்றார். என் பெயரை அவர் சரியாகச் சொன்னதும் அன்று ஒருநாள்தான்.

இதை ஒன்றுமில்லாத விஷயம் என்று நினைப்பவர்கள், வீட்டில் நாலு தலைமுறையாகப் பட்டம் வாங்குபவர்களாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதுவரை அச்சில் வந்த பெயர்கள் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும்தான். ரேஷன் கார்டில் தப்பாக வந்தது. புத்தக அட்டையில் பெயர் வரப்போகிறது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் சாலை முழுக்கச் சொல்லிவிட்டார். அட்டையைச் சட்டம் போட்டு, சுமைக்காரர்கள் உட்காரும் கொட்டகையில் மாட்ட ஆணி அடித்தாயிற்று.

அந்த ஆணி என்னை ரொம்பப் படுத்தியது. பேசாமல் இருந்தால் அதில் என் பெயர் தொங்கும். சாலையில் அத்தனை வியாபாரிகளுக்கும் பொய் என்று தெரிந்த ஒரு எண்ணுக்கு மேலே தொங்கும். திருத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். அந்தத் தாளில் ஒரு கையெழுத்து விழுந்தது. மற்ற இரண்டும் வெளியீட்டு நாள்வரை விழவில்லை.

வெளியீடு தம்பானூரில் ஒரு ஹோட்டல் அரங்கில். வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாளும் அவருக்குத் துணையாக ஒருவரும் வந்திருந்தார்கள். உலகத்திலேயே சுதந்திரமான வியாபாரிகள் என்று சாலை வியாபாரிகள் சிலரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. சாப்பாடு உண்டு என்று தெரியும். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். புத்தகக் கட்டுகளைச் சுமந்து மேலே கொண்டுவந்ததும் அவரும் அவர் கூட்டாளிகளும்தான். அட்டையில் என் பெயர் முழுதாக இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

முடிவை அறிவிப்பதற்கு முன், கேள்வியை அது கேட்கப்பட்ட மொழியிலேயே சபையில் வாசிக்க வேண்டும் என்று கையேட்டில் இன்னொரு விதி இருக்கிறது. யாரும் அதைப் பின்பற்றுவதில்லை. உள்ளூர் மொழி காதில் விழுந்தால் வெளிநாட்டவர் மகிழ்வார்கள் என்று கோஷி சாரே அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்.

மைக்கின் முன் நின்றேன். விளக்கக் கூடாது என்பது விதி. நான் விளக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்து, நிறுத்தி, தெளிவாகக் கேட்டேன்.

“கடை திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

கேட்டால் பதில் சொல்வதுதான் கடைக்காரர்களின் பழக்கம்.

“அன்னைக்கே சொன்னேனேம்மா” என்றார் அருணாசலம் அண்ணாச்சி, பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு. “ஷட்டருக்கு எண்ணெய் விட்டிருந்தா ரெண்டு நிமிசம்.”

“எனக்கு ரெண்டு ஷட்டர்” என்றார் பக்கத்தில் இருந்த பாத்திரக்கடைக்காரர். “நாலு நிமிசம் வெச்சுக்கிடுங்க.”

“உமக்குப் பூட்டுச் சாவியைத் தேடவே அரை மணி நேரமாகும் வேய்” என்றது பின்னால் ஒரு குரல்.

அரங்கம் சிரித்தது. பேசப்பட்ட அத்தனையிலும் வெளிநாட்டு அம்மாளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல் ஷட்டர். அவர் கையிலிருந்த அறிக்கையைப் பிரித்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பத்துக்குப் பத்தைப் பார்த்தார். பிறகு கோஷி சாரைப் பார்த்தார். கோஷி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை துடைத்தார்.

அச்சுப்பிழை காரணமாக அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. புத்தகக் கட்டுகளை மறுபடி வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அப்பாதான் ஏற்றினார். என் பெயர் போட்ட கட்டுகள் ஒவ்வொன்றாக அவர் தலையில் ஏறிப் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டையின் இஸ்திரி கலைந்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டா?” என்று கேட்டார்.

“வேண்டாம்ப்பா.”

“பேரு சரியாத்தானே இருக்கு?”

“பேரு சரி. உள்ள இருக்கறது சரியில்ல.”

அவர் கடைசிக் கட்டையும் வண்டியில் வைத்துக் கயிற்றை இறுக்கினார். பிறகு ஹோட்டல் மேனேஜரிடம் போய், ஏற்றியதற்கும் இறக்கியதற்கும் சேர்த்துக் கூலியைக் கேட்டு வாங்கினார். “பாத்ததுக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று அவரிடம் சொன்னார். மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ. கேள்வியை உணர்ச்சியோடு வாசித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்குவது கையேட்டு விதிக்கு மாறானது என்று பதில் எழுதினேன். அதன்பிறகுதான் கணினியில் அந்த இரண்டு கட்டங்களுக்கு வந்து சேர்ந்தேன். கடைசி நாள், ஜன்னலை அனுமதி இல்லாமல் திறந்து வைத்துவிட்டு வந்தேன். நல்ல காற்று வந்தது.

கொட்டகையில் ஆணி இன்னும் இருக்கிறது. அப்பா அதில் துண்டை மாட்டுகிறார்.

நான் சாலையிலேயே, அண்ணாச்சி கடைக்கு நாலு கடை தள்ளி, ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், ஆய்வு செய்பவர்கள் எல்லாம் ஜனங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் என்னிடம் கொண்டுவர வேண்டும். பதில் சொல்லப்போகிற ஆட்களிடமே அவற்றைக் கேட்டுப் பார்த்து, எங்கே ஷட்டர் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். அதற்குத்தான் கடை. உரிமத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அதில் என் தொழிலுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. வாங்கிக்கொண்டவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

“கேள்வி விக்கிற கடையோ மோளே?”

“விக்கலை சார். ரிப்பேர்.”

அவர் யோசித்து, ‘மற்றவை’ என்ற கட்டத்தில் குறித்து, அடுத்த மேஜைக்கு அனுப்பினார். அது இப்போது எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அதுவரை வியாபாரம் செய்ய முடியாது. பெயர்ப்பலகை மட்டும் எழுதி வாங்கி மாட்டிவிட்டேன். ‘பேச்சியம்மாள்’ என்று முழுப் பெயர், தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில்.

அப்பா போகிற வருகிற வழியில் எட்டிப் பார்க்கிறார். “சும்மா தெருவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, இதுக்கு யாரு கூலி தருவா?” என்கிறார். ஷட்டருக்கு எண்ணெய் விட்டுத் தந்தது அவர்தான்.

கடை திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அஞ்சனா விடைபெறும்போது கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் எழுதிவைக்கிறேன். கடை திறக்க எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. இன்று காலை கடை திறக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.